கூலி என்னும் செலவு

வாணிபக் கணக்கேட்டிலே மின்சாரத்துக்கும் மூலப்பொருளுக்கும் அடுத்தபடியாக ஒரு வரி எழுதப்படுகிறது: தொழிலாளர் செலவு. கடல் கடந்து தொழில் விரிக்க எண்ணும் நிறுவனம் அந்த வரியைத்தான் நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. டாக்காவில் ஒரு தொழிலாளிக்கு என்ன கொடுக்கவேண்டும்? சென்னைப் பக்கத்தில் என்ன? கொழும்பில் என்ன? வியட்நாம் தன் நாட்டை நான்கு வலயங்களாகப் பிரித்துக் குறைந்தபட்சக் கூலியை வகுத்திருக்கிறது. இந்தியாவிலோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆகவே ஒரு நாட்டுக்குள்ளேயே மலிவான மூலையைத் தேடிக்கொள்ளலாம். செலவைக் குறைப்பது வாணிப தருமம். ஆனால் அங்கே செலவாக எழுதப்படும் தொகைதான் இங்கே ஒரு குடும்பத்தின் முழு வரவு.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் வாழும் எனக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. இவ்வூருக்கு அந்நிய எசமானர் புதியவரல்லர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டு நீங்கியபோது, அதை நம்பியிருந்த வேலைகளும் சுருங்கின. பின்னர் 1977ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூரின் பிறிமா நிறுவனம் சீனக்குடாவில் மா ஆலை அமைத்தது. 1980இல் அது இயங்கத் தொடங்கியது. 1982இல் யப்பானியக் கூட்டுடன் டோக்கியோ சீமெந்து நிறுவப்பட்டு இத்துறைமுகத்தில் ஆலை கண்டது. 2022 சனவரியில் எண்ணெய்க் குதங்களுள் 61ஐ அபிவிருத்தி செய்ய, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐ.ஓ.சி.யும் 51க்கு 49 என்ற பங்கில் கைகோத்தன. இனியும் பலர் வருவர். அவர்கள் கையில் எந்தக் கணக்கு இருக்கும் என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

அந்தக் கணக்கு இதுதான். 2025இல் திருத்தப்பட்ட சட்டம் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 27,000 ரூபாயாகவும், 2026 சனவரி முதல் 30,000 ரூபாயாகவும் நிர்ணயித்தது. அந்த 30,000க்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 3,600 ரூபாயும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் 900 ரூபாயும் முதலாளி செலுத்தவேண்டும். பதினைந்து பேருக்குக் குறையாத வேலைத்தலத்தில் ஐந்தாண்டுகள் நிறைத்த மாதச் சம்பளக்காரர் விலகும்போது, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக உரியது என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டம். மாதக் கணக்கில் அது 1,250 ரூபாய். ஆக மொத்தம் 35,750.

இதிலே எதைக் குறைப்பது? சம்பளத்தைக் குறைத்தால் உடனே தெரிந்துவிடும். ஐந்தாண்டுக்குப் பின் வரும் தொகையைக் குறைத்தால் ஐந்தாண்டுவரை தெரியாது! இங்கேதான் ஆட்களை வழங்கும் ஒப்பந்தகாரர் நுழைகிறார்.

சாதாரண தரப் பரீட்சை முடித்து, வேறொரு மாவட்டத்தில் அந்நிய முதலீட்டில் இயங்கும் ஆலைக்குப் போன என் பழைய மாணவி ஒருத்தி, ஆறு ஆண்டுகளின் பின் திரும்பி வந்தாள். கையில் மூன்று நியமனக் கடிதங்கள். மூன்று ஒப்பந்தகாரரின் பெயர்கள். எந்த ஒன்றிலும் ஐந்தாண்டு இல்லை. தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதித் தரும்படி கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கையில் அவள் சொன்னாள்: “சேர், நான் இருந்த மெசின் ஒண்டுதான், மாறினது கடுதாசி மட்டும்தான்.”

நான் எழுதிய இரண்டு பக்க முறைப்பாட்டைவிட அவளுடைய அந்த ஒரு வாக்கியம் வலியது. மூன்று மாதச் சம்பளம் அவளுக்கு ஒரு தையல் இயந்திரம், தம்பியின் படிப்பு. விசாரணை இன்னும் முடியவில்லை.

“உரிமை, உரிமை என்று பேசினால் வருகிறவனும் வேறு நாட்டுக்குப் போய்விடுவான்” என்று நண்பர் ஒருவர் வாதித்தார். வேலையில்லாத இளைஞர் நிறைந்த ஊரில் அந்த அச்சத்தை நகைத்து ஒதுக்கமுடியாது. தையல் ஆலை இடம்பெயரக்கூடியதுதான். ஆனால் கோதுமையும் சீமெந்தின் மூலப்பொருளும் கப்பலில் வந்திறங்க ஆழ்ந்த துறைமுகம் வேண்டும். அதை யாரும் பெயர்த்துக்கொண்டு போகமுடியாது. தையல் ஆலைகள் ஓடிச்செல்லும் நாடாகச் சொல்லப்படும் வங்கதேசத்திலும் தொழிலாளர் போராடினர். 2023 டிசம்பர் முதல் ஆடைத் தொழிலின் குறைந்தபட்சச் சம்பளம் 8,000 டாக்காவிலிருந்து 12,500 ஆயிற்று. டொலரில் எண்ணினால் அதுவும் நமது 30,000 ரூபாயும் நூறை ஒட்டியவைதாம். டாக்காத் தொழிலாளி வென்றதைக் கொழும்புத் தொழிலாளி அறிந்திருந்தால், அங்கே மலிவு என்று காட்டி இவளை மிரட்டமுடியாது. முதலாளி எல்லை கடந்து கணக்குப் பார்க்கிறான். உழைப்பவர் மட்டும் ஏன் ஊர் எல்லைக்குள் நின்று கணக்குப் பார்க்கவேண்டும்?

அந்நிய மூலதனம் வரட்டும். ஆனால் ஒரே வேலைத்தலத்தில் உழைப்பவரின் சேவைக்காலம், ஒப்பந்தகாரரின் பெயர் மாறுவதால் முறியலாகாது என்று சட்டம் தெளிவாக எழுதப்படவேண்டும். தொழிற்சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் இதைக் கையிலெடுக்கவேண்டும். ஆசிரியர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளைக்கு விடுகைப் பத்திரத்தோடு, நியமனக் கடிதத்தை வாசிக்கும் அறிவையும் கொடுத்தனுப்பவேண்டும். யார் என் முதலாளி, என் சேமலாப நிதி இலக்கம் எது, என் சேவை எந்நாளில் தொடங்குகிறது: இம்மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது எளிதன்று.