ஒரு அண்டா பிரியாணி

தேக்கா நிலையத்தை நம்மில் பெரும்பாலோர் பகலில்தான் பார்த்திருப்போம். மாடியில் சேலைக் கடைகள், தையல்காரர்கள். கீழே ஈரச்சந்தை, அதை ஒட்டி உணவங்காடி. மதியம் 12 மணிக்கு அங்கே ஒரு மேசை பிடிப்பதே பெரும்பாடு. அதிகாலை 5 மணிக்குப் போனால் வேறு ஊர் மாதிரி இருக்கும். சந்தைப் பக்கம் இறைச்சி வெட்டும் சத்தம். சாப்பாட்டுப் பக்கம் நாலைந்து கடைகளில் மட்டும் விளக்கு. அந்த நேரத்தில் விழித்திருப்பது பிரியாணிக் கடைக்காரர்களும் வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவர்களும்தான்.

விடுப்பில் இருந்த ஒரு புதன்கிழமை, பல வருடமாக நான் சாப்பிடும் கடையின் பாயிடம் உள்ளே நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். "வாம்மா, ஆனா நகராம நிக்கணும்," என்றார். உள்ளே போனதும் காரணம் புரிந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குளிர்பெட்டியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெங்காயம் சிவக்க ஆரம்பித்த பத்து நிமிடத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பாய்க்கு வயது 63. தோளில் ஒரு துண்டு. கரண்டியை வைத்துவிட்டு உட்கார அங்கே நாற்காலியே இல்லை.

கறி மசாலாவில் வெந்துகொண்டிருக்க, பக்கத்து அடுப்பில் அரிசி கொதித்தது. கடிகாரமே பார்க்காமல், கொதிநீரிலிருந்து ஒரு சோற்றை எடுத்து நகத்தால் அமுக்கினார். நடுவில் வெள்ளையாகச் சின்னப் பொட்டு தெரிந்தது. உடனே வடித்து, கறிமேல் பரப்பி, மூடி, தீயைக் குறைத்தார்.

"மூட்டைக்கு மூட்டை அரிசி மாறும்மா. பழைய அரிசி தண்ணி நிறைய குடிக்கும். புதுசு சீக்கிரம் குழைஞ்சுடும். பையில எழுதியிருக்கிறத நம்பி வச்சா அவ்வளவுதான்."

இதைத்தான் உணவு விமர்சகர்கள் 'என்றைக்கும் ஒரே தரம்' என்கிறார்கள். பிரான்சின் டயர் நிறுவனமான மிஷ்லின், 1900-ல் கார் ஓட்டிகளுக்காகத் தொடங்கிய கையேட்டில் நட்சத்திரம் கொடுக்க 5 அளவுகோல்கள் உண்டு. அதில் இதுவும் ஒன்று. அலங்காரம், பரிமாறுபவரின் சிரிப்பு எதுவும் கணக்கில் வராது. தட்டில் இருப்பது மட்டும்தான். அதனால்தான் 2016-ல் சிங்கப்பூருக்கான கையேடு முதன்முதலில் வந்தபோது இரண்டு உணவங்காடிக் கடைகளும் நட்சத்திரம் வாங்கின. ஒன்று, சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் சான் ஹொன் மெங் 2 வெள்ளிக்கு விற்ற சோயா சாஸ் கோழிச் சோறு. பெயர் பரவி, வெளிநாடுகளிலும் கிளைகள் வந்தன. 2021-ல் நட்சத்திரம் போய்விட்டது.

தட்டை மட்டும் பார்ப்பது நியாயம்தான். ஆனால் அந்தத் தட்டை நாள்தோறும் ஒரே மாதிரி கொண்டுவரும் முட்டியும் முதுகும் எந்த அளவுகோலில் வரும்?

இப்போது கைப்பேசி வைத்திருக்கும் எல்லாருமே விமர்சகர்கள். பாயின் கடைக்கு இணையத்தில் ஒருவர் மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறார்: ருசி பிரமாதம், ஆனால் 1.30 மணிக்கே தீர்ந்துவிடுகிறது, சோம்பேறித்தனம் என்று. பாய் அதைப் படிக்கவில்லை. அவர் மனைவி படித்து, இரண்டு நாள் தூங்கவில்லையாம்.

"இன்னொரு அண்டா வைக்கலாமே பாய்?" என்று கேட்டேன்.

"முதல் அண்டாவ இறக்கும்போதே முட்டி பேசுதும்மா. ரெண்டாவது அண்டால பொட்டு பார்க்கப் பொறுமை இருக்காது. அதையும் என் பேர்லதானே சாப்பிடுவாங்க?"

சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாம் எல்லாரும் கைதட்டினோம். அங்காடிக்காரர்களில் பாதிப்பேர் ஏறக்குறைய 60 வயதை எட்டியவர்கள் என்பது கைதட்டலில் கேட்கவில்லை. பாயின் மகன் வங்கியில் வேலை பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சூட்டில் நான் நின்றது மூன்று மணி நேரம்தான்.

உணவங்காடியில் உதவிக்கு ஆள் வைப்பதும் முன்பு கடினம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் வேலை செய்யலாம் என்று விதி இருந்தது. 2025 ஜனவரி முதல், நீண்டகால வருகை அனுமதி வைத்திருப்போரும் உதவியாளராகலாம். அப்படித்தான் பாயின் கடைக்கு ஒரு பெண் வந்திருக்கிறார். திருமணமாகித் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர். வெங்காயம் நறுக்குவார், கறி கழுவுவார், மதியம் பொட்டலம் கட்டுவார்.

தம் போட்ட பிறகு பாய் தேத்தண்ணி வாங்கப் போனார். அப்போது அவரிடம், "அரிசி வடிக்கக் கத்துக்கிட்டீங்களாக்கா?" என்றேன்.

"இன்னும் தொட விடல. நகத்துல அமுக்கிக் காட்டுவாரு, நான் பொட்டு இருக்கா இல்லையான்னு சொல்லணும். போன வாரம் நாலு நாள் சரியாச் சொன்னேன்," என்றார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.