உடைந்த பீங்கான்

சண்டிகார் நகரத்துக்கு லெ கொர்பூசியே கோடு கிழித்தால் கோடுதான். வீதி, வீடு, மரம் எல்லாம் கணக்குப்படி. அந்தக் கணக்குக்காகப் பல கிராமங்கள் இடிபட்டன. பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்த நேக் சந்த் என்பவரின் கண், எழும்பும் நகரத்தைவிட அந்த இடிபாடுகளில்தான் நிலைத்தது. அவரும் ஊரை இழந்தவர். 1924-ல் அவர் பிறந்த கிராமம், 1947 பிரிவினையில் பாகிஸ்தானோடு போய்விட்டது.

ஐம்பதுகளின் இறுதியில் வேலையைத் தொடங்கினார். உடைந்த கோப்பை, வளையல் துண்டு, பியூஸ் கேரியர், கழிவறைப் பீங்கான் எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டு சேர்த்தார். கட்டடமே கூடாது என்று சர்க்கார் ஒதுக்கிவைத்திருந்த காடு அது. பகலில் உத்தியோகம், இரவில் ஊருக்குத் தெரியாமல் சிற்ப வேலை. சித்திரப் பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைத்தவரல்ல. இப்படியே சுமார் 18 வருஷம்!

எங்கள் விருத்தாசலத்தில் செராமிக் சூளைகளின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். காது போன கோப்பை, வாய் பிளந்த அகல், மூக்கு உடைந்த பொம்மை எல்லாம் குவிந்து கிடக்கும். உலோகமானால் உருக்கி வார்க்கலாம். சூளை கண்ட மண் மறுபடி களிமண்ணாவதில்லை. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பது நம்மவர் பழமொழி. நேக் சந்த் சிமெண்டில் பதித்து ஒட்டவைத்தார். உடைந்த சில்லுகள் ராஜாக்களாகவும், குடம் சுமக்கும் பெண்களாகவும், மயில்களாகவும் வரிசை கட்டி நின்றன.

எழுபதுகளில் விஷயம் வெளிப்பட்டது. சட்டப்படி பார்த்தால் இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ வந்தது. 1990-ல் புல்டோசரும் வந்தது. ஊர் ஜனங்கள் கைகோத்து நின்று தடுத்தார்கள். 2015-ல் அவர் காலமானார். தோட்டம் நிற்கிறது.

பயிற்சி இல்லாதவன் கலைஞனாகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. அத்தனை வருஷ உழைப்பும் ஓர் அதிகாரியின் ஒரு கையெழுத்தில் மண்ணாகியிருக்கும். அங்கே எப்படியோ பிழைத்தது. இன்னும் எத்தனை காடுகளில் எத்தனை பேருடைய கை வேலை சட்டப்படி இடிபட்டதோ? அந்தக் கணக்கை எந்த ஆபீசும் எழுதிவைப்பதில்லை.