கதவும் கோலமும்

1994 ஆடியிலிருந்து 1995 மாசிவரை, ஏழு மாதம், கரந்தையில் என் வீட்டுத் தொலைபேசி இரவு பத்து மணிக்குமேல் என்னுடையதாக இருக்கவில்லை. அதை நானே வேறு சிலருக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். மனு போட்டு ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த இணைப்பு. அது வந்த அன்று அம்மாவுக்குத் தெரியப்படுத்தத்தான் முதல் ஆளாக யோசித்தேன். அம்மா இருந்த ஊரில், குடமுருட்டிக் கரையில், மெயின் ரோட்டு எஸ்டிடி பூத்துக்கு ஆள் அனுப்பி வரவழைக்க வேண்டும். அவள் நடந்து வந்து சேர்வதற்குள் என் பேச்சு தீர்ந்துவிட்டது.

நான் நடத்தியது ஓர் அறிவிப்புப் பலகை. அப்படித்தான் அதற்குப் பெயர். ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. யாராவது தங்கள் கணினியிலிருந்து என் எண்ணுக்குப் போன் செய்தால் என் கணினி எடுக்கும். அவர்கள் கடிதம் போடலாம், பிறர் போட்டதைப் படிக்கலாம், போய்விடலாம். ஒரு சமயத்தில் ஒருவர்தான். மற்றவருக்கு எங்கேஜ்டு. பம்பாயில் லைவ் ஒயர், பெங்களூரில் சிக்ஸ் என்று இத்தகைய பலகைகள் சில ஏற்கனவே பேர்வாங்கி நடந்துகொண்டிருந்தன. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு இவற்றிடமும் லட்சங்களில் உரிமக் கட்டணம் கேட்கலாம் என்று தொலைத்தொடர்புத் துறைக்குத் தோன்றியதும் அந்தக் காலத்தில்தான். தஞ்சாவூரில் பழைய 386 ஒன்றை வைத்துக்கொண்டு வங்கி குமாஸ்தா ஒருவன் செய்வது அவர்கள் காதுக்கு எட்டவில்லை.

எனக்கு மொத்தம் பதினோரு பேர் வந்தார்கள். நம் பத்திரிகைகளின் உண்மையான வாசகர் தொகையை அறிந்தவர்கள் இதில் சிரிக்க மாட்டார்கள். கவிதைக்கென்று ஒரு பகுதி திறந்து வைத்திருந்தேன். திரையில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்க வேண்டும். அப்படி அடித்த கவிதை, யார் எழுதியதானாலும், விலாசம் தவறிய தந்தி மாதிரி இருந்தது. என்னைத் தவிர அங்கே எழுதியவர் ஒருவர். அவரும் நிறுத்திவிட்டார். பாலிடெக்னிக் பையன்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "சார், கேம் ஏதாவது போடுங்க."

இந்தப் பலகைகளில் விளையாட்டுக்குக் 'கதவு' என்று பெயர். பெயர் பொருத்தமானது. வந்தவன் விளையாட்டைத் தேர்ந்ததும் பலகை தன் வேலையை நிறுத்திக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டு எழுதிவைக்கிறது: வந்தவன் பெயர், எந்த மோடத்தில் வந்தான், என்ன வேகம், இன்னும் எத்தனை நிமிஷம் மிச்சம். பிறகு தொலைபேசி இணைப்பை அப்படியே இன்னொரு நிரலின் கையில் விட்டு ஒதுங்கிவிடுகிறது. அந்த நிரல் சீட்டைப் படித்து, ஆளை உள்ளே விட்டு, ஆட்டம் முடிந்ததும் பலகையை எழுப்பும். சீட்டில் ஒரு வரி மாறினாலும் கதவு திறக்காது. திறந்தால் மூடாது.

பெங்களூரிலிருந்து நண்பர் ஒருவர் ஃப்ளாப்பிகளில் கொண்டுவந்து கொடுத்தது சிவப்பு டிராகன் விளையாட்டு. சேத் ராபின்ஸன் என்ற அமெரிக்கர் 1989இல் எழுதியது. ஒரு கிராமம், ஒரு காடு, குழந்தைகளைத் தின்னும் ஒரு டிராகன். ஒரு நாளைக்கு இத்தனை சண்டை என்று அளவு உண்டு, தீர்ந்தால் மறுநாள்தான். சத்திரத்தில் காசு கொடுத்து அறை எடுக்காதவன் வயலில் படுக்க வேண்டும். வயலில் படுத்தவனை மற்ற ஆட்டக்காரர்கள் தூக்கத்தில் வெட்டலாம். 1968 கீழவெண்மணிக்குப் பிறகும் பழைய தஞ்சை ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு இந்த விதியைச் சாதாரணமாகப் படிக்க எனக்கு முடியவில்லை. பையன்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஒருவன் மட்டும், நாகப்பட்டினம் பக்கத்துக்காரன், எப்பாடுபட்டாவது தினம் சத்திரத்தில் அறை எடுத்துவிடுவான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த விளையாட்டைப் படத்தோடு காட்ட ஒரு வழி இருந்தது. டெலிகிராஃபிக்ஸ் என்ற கம்பெனி அப்போது இரண்டொரு வருஷத்துக்குமுன் கொண்டுவந்த 'ரிப்' என்ற பாஷை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் மோடம் விநாடிக்கு ஏறக்குறைய 240 எழுத்துகள்தான் அனுப்பும். குறுக்கே 640, நெடுக்கே 350 புள்ளி, பதினாறு நிறம் கொண்ட ஒரு திரையை அப்படியே அனுப்பினால் எட்டு நிமிஷம் ஆகும். ரிப் படத்தை அனுப்புவதில்லை. படம் போடும் விதியை அனுப்புகிறது. இங்கிருந்து அங்கே கோடு, இந்த இடத்தை மையமாக வைத்து வட்டம், இந்த எல்லைக்குள் இந்த நிறம் என்று சுருக்கமான கட்டளைகள். எதிர்முனையில் இருக்கும் கணினி அவற்றைப் படித்துத் தானே வரைந்துகொள்ளும். எண்களையும் சுருக்குவதற்காகப் பத்தில் எண்ணாமல் முப்பத்தாறில் எண்ணுவார்கள். ஒன்பதுக்கு மேல் ஆங்கில எழுத்துகள். 320 என்பது 'எட்டு டபிள்யூ' ஆகிவிடும். 175 என்பது 'நாலு வி'. திரையின் மையம் இவ்வளவுதான்: எட்டு டபிள்யூ நாலு வி.

இதைப் புரிந்துகொண்ட இரவில் எனக்கு வந்த ஞாபகம் அம்மாவின் கோல நோட்டு. அதில் கோலங்கள் குறைவு, விதிகள் அதிகம். '15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை' என்று எழுதியிருப்பாள். நடுவில் பதினைந்து, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து எட்டில் முடியும், மொத்தம் 169 புள்ளி. கோலம் தெரிந்த பெண்களுக்கு இதற்குமேல் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இலேயே கோலத்தை இலக்கண விதிகளால் விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள் என்பதைப் பின்னால் அறிந்தேன். கணினிப் படவரைவுக்கான சர்வதேச சஞ்சிகையில் வந்தது. நாம் உருவம், உள்ளடக்கம் என்று தேநீர்க் கடைகளில் சண்டைபோட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்கள்.

பலகையின் முகப்பில், விளையாட்டுக் கதவுக்கு முன்னால், அம்மாவின் கோலம் ஒன்று வர வேண்டும் என்று தீர்மானித்தேன். வாசல் என்று இருந்தால் கோலம் வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு அழகியல் நியாயம் கிடையாது.

மார்கழியில் அவளே பூத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். நான் வங்கி வவுச்சரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். "முதப் புள்ளியச் சுத்தி வந்து, ரெண்டாவத விட்டுடு. மூணாவத வளைச்சு மேல ஏறு. புரியறதா? அதே மாதிரி ஒவ்வொரு பக்கமா ஆறு பக்கமும் வரணும்டா. நடுவுல காவி போடு, வெறுமனே விடாதே. கடைசிப் பக்கத்துல..." என்று ஆரம்பித்தவள், "மீட்டர் ஓடறதுடா, வச்சுடறேன்" என்று வைத்துவிட்டாள். ஒரு பக்கம் தெரிந்தால் ஆறும் தெரிந்த மாதிரிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பதினாறு இரவுகள் ஆயின. மவுஸும் மோடமும் ஒரே குறுக்கீட்டு எண்ணைப் பங்குபோட்டுக்கொண்டு அவ்வப்போது கணினியை உறையவைத்தன. மவுஸைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் கையால் அடித்தேன். கோடுகள் சரியாக வந்தன. காவிதான் நிற்கவில்லை. கோலத்துக்குள் நிறத்தை ஊற்றச் சொன்னால் திரை முழுக்கப் பரவிற்று. ரிப்பில் நிறம் ஊற்றுவது வயலுக்குத் தண்ணீர் விடுவது போலத்தான்: வரப்பு எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கும், எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே வெளியேறும். தொலைபேசி இரைச்சலில் ஒரு கட்டளை சிதைந்தாலும் இப்படி ஆகும். ஆனால் மோடம் இல்லாமல் வீட்டிலேயே ஓட்டியபோதும் பரவிற்று. எங்கோ ஓர் எண் தவறு என்று எல்லா எண்களையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. ரிப்பின் குறை என்று முடிவுகட்டிக் காவியை எடுத்துவிட்டேன். வெள்ளைக் கோலம் போதும்.

தை பிறந்ததும் திறந்தேன். கறுப்புத் திரையில் முதலில் புள்ளிகள், வரிசை வரிசையாக, ஐந்தாறு விநாடி. பிறகு வளைவுகள், ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ குனிந்து நகர்ந்து போடுவதுபோல. அதற்குப் பிறகு டிராகன் கதவு. கூட்டம் கூடிற்று, அதாவது பதினொன்று பதினான்காயிற்று. கும்பகோணத்திலிருந்து ஒருவர் பதினொரு மணிக்குமேல் கால் கட்டணத்துக்காகக் காத்திருந்து கூப்பிடுவார். அவரிடம் ஒருமுறை கோலம் எப்படி என்று கேட்டு எழுதினேன். அதைத் தாண்டிப் போக ஏதாவது விசை இருக்கிறதா என்று பதில் வந்தது.

மாசி மாதம் ஓர் இரவு அம்மாவுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. அத்திம்பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பூத்துக்காரரை எழுப்பித் திறக்கச் சொல்லி எனக்குப் போட்டிருக்கிறார். எங்கேஜ்டு. அரைமணி கழித்து எங்கேஜ்டு. நான் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். மணி அடிக்காமல் மோடமே எடுத்துவிடும் ஏற்பாடு. ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக் காரில் அவளைக் கிளப்புவதற்குள் விடிந்துவிட்டது. எனக்குச் செய்தி ஆறேகாலுக்கு வந்தது. முதல் பஸ் போய், அடுத்த பஸ்ஸைப் பிடித்து நான் இறங்கியபோது வாசலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். வாசல் தெளித்திருந்தது. கோலம் இல்லை.

பலகை ஒவ்வோர் இரவும் ஒரு பதிவேடு எழுதும். காரியம் முடிந்து திரும்பிய பிறகு அதைப் படித்தேன். 11.08க்கு வந்தவன் 12.21வரை டிராகன். 12.23க்கு அடுத்தவன், 1.50வரை. 1.52க்கு ஒரு வரி: அழைப்பு ஏற்கப்பட்டது, கேரியர் இல்லை, துண்டிப்பு. 1.55க்கு மறுபடி முதல் பையன்.

அத்திம்பேரிடம் கேட்டேன். ஆமாம், ஒரு தடவை மணி அடித்தது; யாரோ எடுத்தார்கள்; எடுத்ததும் கீச்சென்று ஒரு சத்தம், காதைத் துளைக்கிற மாதிரி. லைன் கோளாறு என்று வைத்துவிட்டேன் என்றார். அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் முயலவும் இல்லை. என் கணினி அவருடைய குரலுக்குத் தன் பாஷையில் பதில் சொல்லி, அரை நிமிஷம்போலக் காத்திருந்து, ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறது. நான் நாலு மணிக்கு வந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று அக்கா கேட்டாள். "அவளுக்கு நினைவே இல்லடா" என்றாள். அது உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம்.

மறுவாரம் மோடத்தைக் கழற்றினேன். பையன்களுக்கு ஒரு வரி அறிவிப்புக்கூடப் போடவில்லை. அந்த ஆகஸ்ட் 15ஆம் தேதி பெருநகரங்களில் இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சில வருஷங்களில் இத்தகைய பலகைகளை எல்லாரும் மறந்தார்கள்.

போன வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது ஃப்ளாப்பிகள் அகப்பட்டன. பெரும்பாலானவை பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. இரண்டில் கோப்புகள் இருந்தன. பழைய கணினியைப்போல் நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலை அக்கா பையன் என் மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தான். வேகத்தையும் பழையபடி 2400க்குக் குறைத்துவைக்கச் சொன்னேன். "எதுக்கு மாமா, இவ்வளவு மெதுவா?" என்றான். புள்ளிகள் வந்தன. வளைவுகள் வந்தன. அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோலம் முடியும்வரை பேசவில்லை.

"அம்மா போடறதுதான். ஆனா தப்பாயிருக்கே."

எண்களை எல்லாம் சரிபார்த்தது என்றேன்.

"எண் இல்லடா. அஞ்சு பக்கமும் ஒண்ணு. ஆறாவதுல மட்டும் ஒரு வளைவு கூட வரும். அது வந்தாத்தான் கோடு சேரும். இதுல சேரவே இல்லை பார், இங்க திறந்து கிடக்கு."

அந்த இடம் எனக்கு உடனே தெரியவில்லை. அக்கா விரலை நீட்டி, திரையில் படிந்திருந்த தூசியில், மேல் வரிசையில் எட்டாவது புள்ளியைச் சுற்றி அந்த வளைவை இழுத்தாள்.