விருந்தாளி ஓட்டும் வண்டி

மதுரைக்கு வரும் வெளிநாட்டு யாத்ரீகர்கள் பெரும்பாலும் காரோட்டியுடன் கூடிய வாடகை வண்டியிலேதான் வருகிறார்கள். பின் ஆசனத்தில் சாய்ந்துகொண்டு, எதிரே நிகழும் அற்புதங்களுக்கெல்லாம் கண்ணை மூடுவதும் திறப்பதுமாக மீனாக்ஷியம்மன் கோயில் வரை வந்து சேர்ந்துவிடுவார்கள். இவர்களைத் தவிர, வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிக்கொண்டு வருகிறவர்களும் சிலர் உண்டு. எண் பலகை கறுப்பாகவும் எழுத்துக்கள் மஞ்சளாகவும் இருந்தால், அது காரோட்டி இல்லாமல் வாடகைக்கு விடப்படும் வண்டி என்று நேயர்கள் தெரிந்துகொள்ளலாம்.

தை மாதத்தில் ஒரு நாள் அத்தகைய வண்டியில் திண்டுக்கல் சாலையில் செல்லும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுப் பார்த்துவிட்டுக் கொடைக்கானலுக்குப் புறப்பட்ட ஆங்கிலத் தம்பதிகள் நம்மையும் வாடிப்பட்டி வரையில் ஏற்றிக்கொண்டார்கள்.

நகரத்துக்குள் பயமே இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கே இடமில்லை. அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த வீதிகளில், ஆட்டோ ரிக்ஷாக்களுக்கும் பூக்காரிகளுக்கும் நடுவே, மோட்டார் நகருமே தவிர ஓடாது. போனால் வண்டியின் வர்ணம் போகும், அவ்வளவுதான்.

அபாயம் ஆரம்பிப்பது ஊர் முடிந்த பிறகு. சமயநல்லூரைத் தாண்டியதும் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நீண்டு கிடக்கிறது. ஒரு புறம் நாகமலையின் தொடர்ச்சி, மறு புறம் தென்னந்தோப்பு, நடுவில் அரளிச் செடிகள் பூத்த தடுப்பு. பார்வைக்கு எந்த ஐரோப்பியச் சாலைக்கும் இது குறைந்ததல்ல. ஆகவே விருந்தாளியின் காலுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் தடுப்பில் உள்ள அடுத்த இடைவெளி தொலைவில் இருப்பதால், மோட்டார் சைக்கிள்காரர் தம் வயலுக்கு நம் பக்கத்திலேயே எதிராக வருவார். அணுகு சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். வெளிநாட்டார் அதிகமாக வருவது மார்கழியிலும் தையிலும்; அறுவடை நடப்பதும், தைப்பூசத்துக்காகப் பழனிக்குப் பாத யாத்திரை செல்வதும் அதே காலந்தான். வெயிலுக்கு அஞ்சி, பக்தர்கள் இரவிலும் விடியற்காலையிலும் சாலையோரமாக நடக்கிறார்கள். பைகளில் ஒட்டிய ஒளிரும் பட்டைதான் அவர்களுக்குக் கவசம்.

வாடிப்பட்டிக்குச் சற்று முன்னால், எதிர்ப்புறத்துத் தேநீர்க் கடைக்காக நம் நண்பர் தடுப்பின் இடைவெளியில் வண்டியைத் திருப்பத் தொடங்கினார். எதிரே வந்த லாரி விளக்கை இரு முறை சிமிட்டியது. அவர் நன்றியுடன் கையை உயர்த்தி முன்னேறினார். நாம் போட்ட கூச்சலில் வண்டி நின்றது. லாரி ஒரு முழ தூரத்தில் பாய்ந்து போயிற்று. "அவன் போகச் சொன்னானே!" என்றார் அவர். அவர் தேசத்துச் சாலை விதிகளும் விளக்கைச் சிமிட்டுவது 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்க மட்டுமே என்றுதான் சொல்லுகின்றன. வழக்கத்திலோ அங்கே அது 'நீங்கள் போங்கள்' என்னும் உபசாரம். நம் சாலையில் 'நான் வருகிறேன், ஒதுங்கு' என்பது அதன் பொருள். முன்னே செல்லும் லாரி வலப்பக்க விளக்கைக் காட்டினால் அது திரும்பப் போகிறது என்றும் கொள்ளலாம். 'வழி இருக்கிறது, முந்திப் போ' என்றும் கொள்ளலாம். எதுவென்று சொல்ல நம்மவருக்கே சில வருஷப் பழக்கம் வேண்டும்.

1949-ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் சர்வதேச அநுமதிச் சீட்டு ஒரு வருஷத்துக்குச் செல்லும். ஓட்டத் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி. லாரி விளக்கின் பாஷையை அது கற்றுத் தருவதில்லை. இலங்கையில் அந்தச் சீட்டு மட்டும் போதாது என்று உள்நாட்டு அநுமதியும் கேட்கிறார்கள்.

நம் நண்பராவது இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர். பிரெஞ்சுக்காரரும் அமெரிக்கரும் வலப்பக்கத்துக்காரர்கள். கியர் இடக்கையில், திரும்பும் விளக்கைப் போடப் போனால் கண்ணாடி துடைப்பான் ஆடும். இருந்தாலும் முதல் நாள் அவர்கள் தவறுவது குறைவு. 1967-ஆம் வருஷம் செப்டம்பர் 3-ஆம் தேதி ஸ்வீடன் தேசம் முழுவதும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது, எல்லாரும் பயந்து ஓட்டியதால் விபத்துக்கள் குறைந்தன. பயம் தெளிந்ததும் பழையபடி ஏறிவிட்டன. இங்கேயும் பெட்ரோல் நிலையத்திலிருந்து ஆளில்லாத சாலைக்குத் திரும்பும் வேளையில்தான், மனம் எங்கேயோ இருக்க, கை பழைய பக்கத்துக்குப் போகும்.

2022-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துக்கள் நிகழ்ந்தன. தேசத்திலேயே இதுதான் அதிகம். 17,884 பேர் மாண்டார்கள். இதில் விருந்தாளிகளின் பங்கு சொற்பந்தான். வண்டி ஓட்டும் முறையில் நாம் யாருக்கும் உபதேசம் செய்யும் நிலையில் இல்லை. ஆனால் வாடகை வண்டிக்குள் இருப்பவருக்குக் காற்றுப் பையும் இடுப்பு வாரும் உண்டு. பழனிக்கு நடப்பவருக்கு இரண்டும் இல்லை. 2021-ஆம் வருஷம் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அடிபட்டவர் எந்தத் தேசத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதற்குப் பிறகு வருவது கோர்ட்டு விவகாரம்.

இங்கே நேயர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வாசலில் சும்மா நிற்கும் சொந்த வண்டியை, வெள்ளைப் பலகையுடனேயே, தெரிந்தவர் மூலம் வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது சட்டத்துக்கு விரோதம். விபத்து நேர்ந்தால், நிபந்தனை மீறப்பட்டது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதாடும். கொடுத்த பணத்தை வண்டிக்காரரிடம் வசூலிக்கவும் கேட்கும். அதற்குள் விருந்தாளி தம் தேசம் போய்ச் சேர்ந்திருப்பார். இறந்தவருடைய மனைவி மட்டும், வாய்தாவுக்கு வாய்தா, வாடிப்பட்டியில் பஸ் ஏறி மதுரைக் கோர்ட்டுக்கு வந்து போய்க்கொண்டிருப்பாள்.