கரமனையின் செங்கீரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயில் செல்லும் நெடுஞ்சாலை, நகரின் தென்பகுதியில் ஓர் ஆற்றைக் கடக்கிறது. அகத்தியர் மலைப் பகுதியில் தோன்றி அரபிக் கடலில் சேரும் அவ்வாற்றுக்கும், அதன் கரையில் அமைந்த ஊருக்கும் கரமனை என்பதே பெயர். சத்தியவாகீசுவரர் ஆலயமும், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தெருக்களும் இங்கே உள்ளன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது; கரமனைத் தமிழரோ கேரளத்தில் நிலைத்தனர். இசை அன்பர்கள் இவ்வூரை நீலகண்ட சிவன் வாழ்ந்த ஊராக அறிவார்கள். நாம் இங்கே சொல்லப் புகுவது அதன் கொல்லைப்புறங்களைப் பற்றியாகும்.

இவ்வூர்ப் பழைய வீடுகளின் பின்கட்டைக் கடந்தால் கிணறு. கிணற்றுநீர் ஓடும் வழியில் வாழை. அதனருகே ஒரு கீரைப் பாத்தி. மலையாளத்தார் 'சீர' என்பதும் நாம் கீரை என்பதும் ஒன்றே. இந்நாட்டார் பெரிதும் விரும்புவது செந்நிறக் கீரையை. தேங்காய் சேர்த்துத் தோரனாகவும், மசியலாகவும், முற்றிய தண்டைக் கூட்டாகவும் சமைப்பர். சோற்றையும் சிவக்கச் செய்யும் அதன் சாறு குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை.

மேனாடுகளில் குடியேறிய நம் அன்பர்கள் 'கேல்' என்னும் கோசு இனக் கீரையை அறிவார்கள். அங்கும் பாட்டனார் காலத்து விதையைப் போற்றிக் காப்போர் உண்டு. ஆனால் கேல் முதலாண்டில் இலை விட்டு, குளிர்காலம் கழிந்த பின்னரே பூத்து விதை தரும் இயல்பினது. கரமனையில் அத்தகைய குளிர் ஏது? செங்கீரையோ விதைத்த மூன்று நான்கு திங்களில் மீண்டும் விதையாகிவிடுகிறது. ஒவ்வொரு மண்ணுக்கும் அதற்கு உரிய விதை உண்டு.

கரமனைக்குத் தெற்கே சில கல் தொலைவில் வெள்ளாயணி ஏரியும், 1955-இல் தொடங்கிய வேளாண் கல்லூரியும் உள்ளன. அவற்றை அடுத்தது பாலப்பூர் என்னும் சிற்றூர். இன்று கேரளமெங்கும் பயிராகும் 'அருண்' என்ற செங்கீரை இரகம், அப்பாலப்பூர் நாட்டுக் கீரையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதே. உழவர் குடும்பங்கள் அந்த நாட்டு விதையை விடாது போற்றியிராவிடில், ஆராய்ச்சியாளர் எதிலிருந்து தேர்ந்தெடுத்திருப்பர்? இதை நாம் சிந்திக்க வேண்டும்.

விதை காப்பது எளிய செயல்தான். ஆயினும் ஒரு பிழை எங்கும் நேர்கிறது. நல்ல செடிகளையெல்லாம் சமையலுக்குப் பறித்துவிட்டு, மெலிந்தும் விரைவில் பூத்தும் நிற்கும் செடியை, "போகட்டும், விதைக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். சில ஆண்டுகளில் பாத்தி முழுதும் இலை சிறுத்து, உரிய காலத்திற்கு முன்பே கதிர் தள்ளும் கீரையாகிவிடுகிறது. உண்ணத் தக்க சிறந்த செடியை உண்ணாமல் விடுவதே விதை காப்பதன் முதல் விதி. ஒன்றிரண்டு செடிகள் போதா. பத்துக்குக் குறையாமல் விடுதல் நலம்.

கீரையின் மகரந்தத்தைக் காற்று சுமந்து செல்வதால், செங்கீரையும் பச்சைக்கீரையும் அருகருகே பூத்தால் இரண்டும் கலந்துவிடும். ஆகவே விதைக்காக ஒரு பருவத்தில் ஒரே இரகத்தைப் பூக்கவிட வேண்டும். நிறம் மாறிய செடிகளையும் அருகில் முளைத்த முட்கீரையையும் பூக்குமுன்னே களைய வேண்டும். இடவப்பாதி, துலாவருடம் என இரு மழைகளைக் காணும் நாடு அது. மழையில் செங்கீரைக்கு இலைப்புள்ளி நோய் எளிதில் வரும். முற்றிய கதிரும் பூஞ்சணம் பூக்கும். எனவே கதிர் முற்றுவது தை, மாசி மாதங்களின் வறண்ட நாட்களில் அமையுமாறு விதைக்க வேண்டும்.

விதை கருத்துப் பளபளத்ததும் கதிரை அறுத்துத் துணியின்மேல் உலர்த்தி, கையால் கசக்கி, முறத்தால் புடைத்தால் போதும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விதைகள் அடங்கும். உலர்ந்த சாம்பல் கலந்து, ஈரம் புகாத சீசாவில் இட்டு மூடி வைக்கலாம். விதைக்கும்போது சிறிது ரவையைக் கலந்து தூவுவர். எறும்புகள் ரவையை இழுத்துச் செல்ல, விதை தப்பிவிடும். இஃது அந்நாட்டுப் பெண்டிர் கையாளும் நயமான உபாயம்.

இன்று கரமனையின் பழைய மனைகள் பலவற்றில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. பிள்ளைகள் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர். வீடு விற்கும்போது பாத்திரங்களையும் படங்களையும் பங்கிட்டுக் கொள்கிறோம். சமையலறை மாடத்து விதைச் சீசாவை நினைப்பார் இல்லை. ஈரக்காற்றில் அவ்விதை சில ஆண்டுகளில் முளைப்பாற்றலை இழந்துவிடும். பூட்டி வைத்த விதை பொன்னன்று. விதைத்தால்தான் அது வாழும்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் பெரியவர்கள் இருக்கும்போதே, வீட்டு விதையை உறவினர் ஒருவருக்கும் அயலார் ஒருவருக்கும் கொடுத்து விதைக்கச் செய்யுங்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் மற்றொன்றிலிருந்து கேட்டுப் பெறலாம். அயல்நாட்டில் வாழ்வோர் விதையைப் பெட்டியில் மறைத்துக் கொண்டு செல்லுதல் ஆகாது. பல நாடுகள் பயிர்நோய்த் தடுப்புச் சான்றிதழ் கேட்கின்றன. விதிகளை முன்னரே விசாரித்தறிக. அங்கேயே கிடைக்கும் கீரை விதையைக் கோடையில் விதைத்தாலும் குற்றமில்லை. உறைபனி வருமுன் கதிர் முற்றினால் அதுவும் நும் வீட்டு விதையாகிவிடும். நல்ல செடியை விட்டு வைக்கும் பழக்கத்தைக் குழந்தைகளுக்குக் கற்பியுங்கள். அதற்கு எந்நாட்டிலும் தடையில்லை.