32 பவுண்டு வாளி

மார்ச் மாதம். அமெரிக்காவின் புளோரிடாவில், தென்மேற்கே இம்மோக்கலி என்னும் சிற்றூர். விடிய இன்னும் நேரமிருக்கிறது. மளிகைக் கடை ஒன்றின் முன்னால் உள்ள திறந்த வெளியில் பழைய பள்ளிப் பேருந்துகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. தக்காளிக் காட்டுக்கு ஆள் ஏற்றும் வண்டிகள். சைக்கிளிலும் நடந்தும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி, கழுத்தில் சுற்றிய துணி, கையில் மதியச் சாப்பாட்டுப் பை. ஒரு பக்கம் ஸ்பானிஷ் கேட்கிறது, ஒரு பக்கம் ஹெய்ட்டிக்காரர்களின் கிரியோல். குவாத்தமாலா மலைகளிலிருந்து வந்தவர்கள் தனியே நின்று மாயன் மொழியொன்றில் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள்.

விளக்குக் கம்பத்தடியில் மடக்கு மேஜை போட்டுக் காப்பி ஊற்றுகிறது ஒரு வாலிபர் குழு. வடக்கே, பனி இன்னும் விலகாத ஊர் ஒன்றிலிருந்து பள்ளி விடுமுறைக்கு ஊழியப் பயணமாக வந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, முதுகில் சபையின் பெயர். பதினாறு, பதினேழு வயதிருக்கும். பல்லில் கம்பி கட்டிய பெண் ஒருத்தி வரும் ஒவ்வொருவருக்கும் ஸ்பானிஷில் வணக்கம் சொல்கிறாள். பக்கத்துப் பையன் கோப்பையை மட்டும் பார்க்கிறான். வாங்குகிறவர் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சம். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காப்பியை வாங்குகிறார். விரல் இடுக்குகளில் தக்காளிச் செடியின் பச்சைச் சாறு ஏறிக் கறுத்திருக்கிறது. கோப்பையின் மூடியை அழுத்த அந்த விரல்கள் மடங்கவில்லை. பெண் எட்டி வாங்கி, மூடியைப் பொருத்திக் கொடுக்கிறாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் பேருந்தில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகும் அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பகலில் பழந்துணி பிரிப்பு, ஒரு சுவருக்கு வர்ணம், மதிய ஜெபம்.

மாலைக் கூட்டத்தில்தான் பயணம் உண்மையாகத் தொடங்குகிறது. மூலை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தக்காளி பறிக்கும் தொழிலாளி ஒருவர், மெக்ஸிக்கோவின் வாஹாக்காப் பகுதிக்காரர், முன்னால் நிற்கிறார். ஐம்பது வயது இருக்கலாம். காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, நிறையப் பச்சைத் தக்காளி. காயாகவே பறித்து, எத்திலீன் வாயு காட்டித்தான் சிவக்க வைப்பார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். குழுவிலேயே உயரமானவனை அவர் கைகாட்டி அழைக்கிறார். தோள் அகன்ற பையன், சிரித்தபடி வருகிறான். வாளி 32 பவுண்டு, பதினாலரை கிலோ. இடுப்பில் வைத்துத் தூக்கப் பார்க்கிறான். அவர் தலையசைத்து, தோளில் ஏற்றச் சொல்லித் தருகிறார். கூடத்தின் கோடி வரை போய்த் திரும்ப வேண்டும். ஓட்டமாக. மணலில் ஓடுகிறதாக நினைத்துக்கொள் என்கிறார்.

முதல் சுற்றுக்குக் கைதட்டல். மூன்றாவதில் தட்டுகிறவர்கள் இல்லை. நாலாவது முடிந்து பையன் வாளியை இறக்கும்போது கழுத்து சிவந்திருக்கிறது.

மனிதர் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. கணக்குச் சொல்கிறார். 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு வாளிக்குக் கிடைத்தது 40, 45 சென்ட். 40 சென்ட் வீதம் ஐம்பது டாலர் வீட்டுக்குக் கொண்டுபோக 125 வாளி பறிக்க வேண்டியிருந்தது. ஆயிரத்து எண்ணூறு கிலோவுக்கு மேல். அந்த நாட்களில் வாளியின் வாய்க்கு மேலே கோபுரமாகக் குவித்தால்தான் மேஸ்திரி ஒப்புக்கொள்வார்; குவித்த தக்காளிக்குக் காசு கிடையாது. இருட்டிலேயே காட்டில் கொண்டுபோய் இறக்குவார்கள். பனி காய்ந்த பிறகே செடியில் கை வைக்கலாம். காத்திருந்த நேரத்துக்கும் கூலி இல்லை.

குழுத் தலைவர் எழுந்து, நாங்கள் உங்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறார். கேள்வியில் பாசாங்கு இல்லை. தொழிலாளி திருப்பிக் கேட்கிறார்:

"உங்கள் வீட்டில் தக்காளி எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்?"

யாருக்கும் பதில் வரவில்லை. அம்மாவுக்குத்தான் தெரியும் என்கிறாள் கம்பிப் பல் பெண், மெதுவாக.

"அம்மாவிடம் கேள். பிறகு அந்தக் கடைக்காரரிடம் கேள், யார் பறித்தது, என்ன கூலி என்று."

அவர் கேட்டதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1960-இல் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோவின் தொலைக்காட்சி ஆவணப்படம் இந்தக் காட்டுக் கூலிகளின் நிலையை அமெரிக்க வீடுகளுக்குள்ளேயே கொண்டுபோய்க் காட்டியது. நாடு இரங்கியது. ஆனால் நாற்பது ஆண்டு கழித்தும் வாளிக்குக் கிடைத்தது அந்த 40, 45 சென்ட்தான். பிறகு இம்மோக்கலித் தொழிலாளர்களே கூட்டமைப்பாகத் திரண்டு, 2001-இல் டாகோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்க அழைத்தார்கள். பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு என்பதுதான் கோரிக்கை. 2002-இல் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபை அந்தப் புறக்கணிப்பில் சேர்ந்தது. 2005-இல் நிறுவனம் இணங்கியது. 2007-இல் மெக்டொனால்ட்ஸ், 2014-இல் வால்மார்ட். 2011 முதல் இந்த உடன்பாட்டில் உள்ள பண்ணைகளில் கோபுரம் குவிக்கச் சொல்வதில்லை. காத்திருக்கும் நேரமும் கடிகாரத்தில் பதிவாகிறது. நிழலுக்குக் கூடாரம் நிற்கிறது.

விடியற்காலைக் காப்பியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த மூடியைப் பொருத்திய விரல்களைப் பார்த்தவன் சொல்லமாட்டான். ஆனால் வாளியின் விலையை மாற்றியது அந்தக் காப்பி அல்ல. தொழிலாளிகள் கேட்டார்கள், ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தாங்கள் சாப்பிடும் இடத்தில் போய் அதையே கேட்டார்கள், அதனால் மாறியது. மாறாததும் இருக்கிறது. 1938-இல் வந்த அமெரிக்கக் கூலிச் சட்டத்தில் மிகைநேர ஊதியம் விவசாயத் தொழிலாளிக்கு இல்லை. கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றும் இல்லை.

வாலிபரை இப்படி அனுப்பும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். வர்ணம் அடிக்கும் நேரத்தைக் குறையுங்கள். தொழிலாளி பேச, பிள்ளைகள் கேட்க, ஒரு மாலைக்கு மேலும் கொடுங்கள். ஊர் திரும்பிய வாரமே, வீட்டில் தக்காளி வாங்கும் கடைக்கு அவர்களைக் கடிதம் எழுத வையுங்கள்.