பட்ட தென்னைக்கு ஒரு வாய்தா

பங்குனி வெயில் ஏறுவதற்குள் சோழவந்தான் பக்கத்துத் தோப்புகளுக்குப் போய்விட வேண்டும். கொண்டை இழந்து மொட்டையாக நிற்கும் பட்ட தென்னைகளைத்தான் முதலில் தேடுவேன். அடியில் புதுத் தூளும் சிராயும் சிதறிக் கிடந்தால், மேலே பொன்முதுகு மரங்கொத்தி கூடு குடைகிறது என்று அர்த்தம்.

ஆணும் பெண்ணும் முறை வைத்துக் குடையும். நெற்றியிலிருந்தே சிவப்பு ஏறியிருந்தால் ஆண். நெற்றி கறுத்து வெள்ளைப் புள்ளி தெளித்து, பின்கொண்டை மட்டும் சிவந்திருந்தால் பெண். ஆள் அரவம் கேட்டதும் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். சற்று நேரத்தில் அலகும் ஒரு கண்ணும் மட்டும் எட்டிப் பார்க்கும். அசையாமல் நின்றால் திரும்பி வந்து, விறைத்த வாலை மரத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். முட்டைகள் பெரும்பாலும் 3. பொரிக்க 11 நாள், குஞ்சுகள் வெளியேற இன்னும் 20 நாள் போல ஆகும்.

கலிபோர்னியாவில் இதன் உறவுக்காரப் பறவை ஒன்று ஓக் கொட்டைகளைச் சேமிக்கிறது. ஹேஸ்டிங்ஸ் ஆய்வு நிலையத்தில் 1968 முதல் அதைக் கவனித்து வருகிறார்கள். ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கான குழிகள், குழிக்கொரு கொட்டை. காய்ந்து சுருங்கிய கொட்டை குழிக்குள் ஆடினால், எடுத்து அதைவிடச் சிறிய குழியில் இறுக்கும். கூட்டுக் குடும்பம் வேறு; வளர்ந்த பிள்ளைகள் உடனிருந்து தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும். எனக்கு அதன்மேல் தீராத வியப்பு. நம்மூர் மரங்கொத்திக்குக் களஞ்சியம் வேண்டாம்; எறும்பும் கரையானும் வருஷம் முழுக்கக் கிடைக்கின்றன. குடைய வசதியாக இற்றுப்போன மரம்தான் வேண்டும். அது விட்டுப்போகும் பொந்தை நம்பித்தான் கிளியும் மைனாவும் குண்டுக்கரிச்சானும் இருக்கின்றன. அவற்றுக்கு இப்படிக் குடையத் தெரியாது.

2022 நவம்பரில் எங்கள் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மதுரைக்காரர்களுக்குப் பெருமைதான். ஆனால் அந்த அறிவிப்பின் பாதுகாப்பு இங்கே எட்டாது; இந்தத் தென்னைகள் நிற்பது பட்டா நிலத்தில். அங்கே தோப்புக்காரர் வைத்ததுதான் சட்டம்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மட்கிய தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதில் வளரும் வண்டு நல்ல மரத்தின் குருத்தைக் குடைந்துவிடும். பட்ட மரத்தை வெட்டி எரிக்கச் சொல்லித்தான் வேளாண்துறையும் அறிவுறுத்துகிறது.

“ஒண்ணுக்குப் பாவம் பாத்தா பத்து மரம் போயிரும் தம்பி” என்றார் ஒரு பெரியவர்.

“குஞ்சு பறக்குற வரைக்கும் விட்டு வைங்கய்யா. வண்டு எருக்குழியிலயும்தான பெருகுது, அத மொதல்ல கிளறிப் பாப்போம்.”

அண்ணாந்து பார்த்தார். பொந்திலிருந்து சிவப்புக் கொண்டை வெளியே நீண்டது.

“ஆடி பொறந்ததும் வெட்டிருவேன். அப்புறம் வந்து நிக்கக்கூடாது.”

ஒப்புக்கொண்டேன். எருக்குழியில் புழுப் பொறுக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் சொல்லியிருக்கிறேன்.